ஆதிரையின் கன்னம்

வேங்கிக்கால்,
1.12.2025

கீழ்பென்னாத்தூர் திரு. அப்பாதுரை அவர்களுக்கு,

என் அக்காள் ஆதிலட்சுமியின் கணவர், என் மகள் வினோதினியின் மாமனார் என்ற இரட்டை உறவால் இத்தனை ஆண்டுகள் தங்களை 'மாமா' என்று அழைத்து வந்தேன். இந்தக் கடிதத்தில் அந்தச் சொல் வராது. காரணங்கள் வருமாறு:

1. 28.8.2025. பத்து மாதக் குழந்தை ஆதிரைக்கு வயிற்றுப்போக்கு கண்ட மூன்றாம் நாள். "கன்னுக்குட்டிக்குக் கழிச்சல் கண்டா தாய கிட்ட விடுவமா? பால நிறுத்து" என்று என் மகளுக்கு ஆணையிட்டீர்கள். சந்தையில் மாடு பார்த்துச் சொல்வதில் தங்களுக்கு உள்ள பெயரை இந்த வட்டாரம் அறியும். ஆதிரை கன்றுக்குட்டி அல்ல என்பதைத்தான் தங்களுக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

2. 7.9.2025. போக்கு நிற்கவில்லை. மருத்துவரிடம் காட்டலாம் என்றாள் வினோதினி. "இன்னிக்கிப் பௌர்ணமி, ஊரே கிரிவலம் சுத்துது, ஆட்டோ உள்ள போவாது" என்றீர்கள். மறுநாள் பௌர்ணமி இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை.

3. 2.10.2025. பால் இல்லை, முட்டை இல்லை, பருப்பு இல்லை, சொட்டு எண்ணெய் கூடாது. வடிகஞ்சித் தண்ணீரும் ஜவ்வரிசிக் கஞ்சியும் மட்டும் கொடுத்து வைத்திருந்த குழந்தையைத் தொக்கம் எடுக்கும் ஓர் அம்மாளிடம் தூக்கிப் போனீர்கள். அந்த அம்மாள் தொண்டைக்குள் விரலை விட்டு ஓர் உமியை எடுத்துக் காட்டினாராம். உணவே போகாத வயிற்றில் உணவு சிக்கிக்கொண்டது என்று நம்புவதற்குத் தனியான துணிச்சல் வேண்டும்.

4. 25.10.2025. குழந்தையின் முடி செம்பட்டையாகி, சீவினால் சீப்போடு வந்தது. "மொட்ட அடிச்சா கறுகறுன்னு வரும்" என்றீர்கள். உடல் காட்டிய ஓர் அடையாளம் நாவிதர் கத்தியோடு போயிற்று.

5. 9.11.2025. காதணி விழா. பேருந்து நிலையம் எதிரே ஆளுயர பேனர். குழந்தையின் கன்னம் உப்பி, கைகால் பருத்திருந்தது. "பாத்தியா, கஞ்சியிலயே தேத்திட்டேன்" என்று பந்தி பந்தியாகப் போய்ச் சொன்னீர்கள். அது சதை அல்ல. சத்து அற்றுப்போன உடம்பில் கோத்துக்கொண்ட நீர். மாட்டின் தொடையைத் தடவி விலை சொல்லும் அந்தக் கை, பேத்தியின் கணுக்காலை ஒருமுறை அழுத்திப் பார்த்திருந்தால் குழி விழுந்திருக்கும்.

6. 24.11.2025. குழந்தைக்குத் தலை நிற்கவில்லை. தாங்கள் சந்தைக்குப் போன நேரம் பார்த்து, என் மகள் தெருவில் வந்த பால் வண்டியைக் கைகாட்டி நிறுத்தி, மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தாள். பால் மறுக்கப்பட்ட குழந்தை பால் கேன்களுக்கு நடுவே வந்தது.

நான் கேட்பது ஒன்றுதான். காதணி விழாவுக்கு யார் யாரை அழைத்தீர்களோ, அவர்களை அதே மண்டபத்துக்கு மீண்டும் அழைத்து, மேற்கண்டவற்றைத் தங்கள் வாயால் சொல்ல வேண்டும். சொல்லும்வரை என் மகளும் பேத்தியும் தங்கள் வீட்டு வாசலை மிதிக்கமாட்டார்கள்.

நலம் விசாரிப்பது மரபு. தாங்கள் நலமாகவே இருப்பீர்கள். அந்த வீட்டில் பட்டினி கிடந்தவர் ஒருவர் மட்டுமே.

பதிலை 12.12.2025க்குள் எழுத்தில் எதிர்பார்க்கிறேன். தொலைபேசியில் அல்ல.

இப்படிக்கு,
பேராசிரியர் மு. அருணகிரி

*

கீழ்பென்னாத்தூர்,
6.12.2025

அன்பு மச்சான் அருணகிரிக்கு உன் மாமன் அப்பாதுரை எழுதிக்கறது.

இங்க நான் இருக்கேன். அங்க கொழந்த எப்பிடி இருக்குன்னு ஒரு வரி எழுதக்கூடாதா? ரெண்டு பக்கம் எழுதன, எல்லாம் தேதியா இருக்குது. காலேஜ் பசங்களுக்கு நோட்டீஸ் ஒட்ற மாரி. எனக்கு உன்ன மாரி எழுத வராது, பேசற மாரியே எழுதறேன்.

போன் அடிச்சா கட் பண்ற. சரி, நேர்ல பாக்கலாம்னு தீபத்தன்னிக்கே கெளம்பிட்டேன். திண்டிவனம் ரோட்லயே பஸ்ஸ நிறுத்திட்டான், ஜனம் ஜாஸ்தி. நடந்தே வந்தேன். வார்டு வாசல்ல நீ நிக்கற. "பாக்கற நேரம் முடிஞ்சிது"ன்ற. எனக்குப் பின்னால வந்த பொம்பள டிபன் கேரியரோட உள்ள போவுது. அவளுக்கு மட்டும் நேரம் முடியலயா? அங்க சண்ட போட வாணாம்னு திரும்பிட்டேன். மலை மேல தீபம் எரிஞ்சிகினு இருந்துது. எல்லாரும் கைய தூக்கிக் கும்புடறாங்க. எனக்குக் கை வரல.

மச்சான், நான் வேணும்னு பண்ணல. வவுத்தால போவும்போது வவுத்த காயப் போடறது எங்க அப்பன் காலத்துலருந்து பழக்கம். என் கையில தேறுன கன்னுங்க இந்தச் சுத்துவட்டாரத்துல எத்தன ஊட்ல நிக்குது தெரியுமா? உங்க அக்கா போனப்புறம் விமல நான்தான வளத்தேன், அவனுக்கு வவுறு கெடலயா? அப்பவும் இதே கஞ்சித்தான். செத்தா போய்ட்டான்?

மண்டபத்துல வந்து சொல்லணும்ன்ற. ஒறமொற முன்னால நான் எங்க அய்யன் செத்தன்னிக்கிக்கூட அழுததில்ல. அத ஏன் கேக்கற.

ஒண்ணு மட்டும் கேக்கறேன், கோச்சிக்காத. வினோதினிக்குக் கூடப் பொறந்தவன் இல்லாததால தாய்மாமன் எடத்துல நீதான் உக்காந்த. உன் மடியில வச்சித்தான் காது குத்தனாங்க. "நல்ல கனம் மாமா, அக்கா மாரியே வட்ட மொகம்"னு கன்னத்த கிள்ளிச் சொன்னது யாரு? என் படிப்பு கம்மி. உன் படிப்பு அன்னிக்கி எங்க போயிருந்துது?

கொழந்தைக்கி நாட்டுக்கோழி முட்ட குடுத்தனுப்பறேன். எம்மேல இருக்கற கோவத்துல திருப்பி அனுப்பாத.

உன் மாமன்
அப்பாதுரை

*

வேங்கிக்கால்,
13.12.2025

திரு. அப்பாதுரை அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கெடு முடிவதற்கு முன்பே வந்தது. ஒப்புக்கொள்கிறேன். முட்டைகளும் வந்தன. அவற்றை வார்டின் மற்றத் தாய்மார்களுக்குக் கொடுத்துவிட்டேன்.

கன்றுகளைப் பற்றி எழுதியிருந்தீர்கள். கன்று ஒரு வேளை பால் மறந்தால் மறுவேளை முட்டி மோதிக் குடித்துவிடும். ஆதிரைக்கு மறுவேளை வரவே இல்லை. வயிற்றுப்போக்கு நாள்கணக்கில் நீடிக்க நீடிக்க உணவைக் கூட்டியிருக்க வேண்டும், தாய்ப்பாலை ஒருபோதும் நிறுத்தியிருக்கக் கூடாது என்கிறார் மருத்துவர். போக்கு குடலைப் புண்ணாக்கும், பட்டினி அந்தப் புண்ணை ஆறவிடாது, ஆறாத குடல் போக்கை நிற்கவிடாது. தாங்கள் வைத்தியம் என்று செய்ததுதான் நோய்க்குத் தீனி.

விமல்ராஜ் பிழைத்ததைச் சான்றாகக் காட்டியிருந்தீர்கள். பிழைத்தவர்கள் மட்டுமே சாட்சி சொல்ல வருவார்கள்.

குழந்தையைப் பற்றி ஒரு வரி கேட்டீர்கள். தருகிறேன். முதல்நாள் மருத்துவர் அவள் புறங்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் பள்ளம் அப்படியே இருந்தது. அது நிரம்பும்வரை அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். நாங்களும் நின்றோம். பட்டினி கிடந்த உடம்புக்கு ஒரேயடியாக அள்ளிக் கொடுத்தால் இதயம் தாங்காது என்பதால் சிறு கிண்ணத்தில் சிறிது சிறிதாக, இரவும் பகலும், பால் ஊட்டப்படுகிறது. அழக்கூடத் தெம்பில்லாதவள் என்று செவிலியர் சொன்னார். அழுகை வந்தால் நல்ல செய்தி என்றார்.

கடந்த வாரம் வீக்கம் வடிந்தது. வடிந்ததும், தாங்கள் பந்தி பந்தியாகக் காட்டிய கன்னத்துக்குள் யார் இருந்தாள் என்பது தெரிந்தது. விலா எலும்புகளை எண்ணலாம். பின்புறத் தோல் கிழவியின் தோல்போல மடிந்து தொங்குகிறது. ஆறாம் தேதி அதைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

தங்கள் கடிதத்தின் ஏனைய பகுதிகள் பதிலுக்கு உரியவை அல்ல.

மண்டபம் குறித்த பதிலுக்கு 31.12.2025 வரை காலம் நீட்டிக்கப்படுகிறது. மார்கழிப் பனி தங்கள் மூச்சிரைப்புக்கு ஆகாது. கவனமாக இருக்கவும். தாங்கள் நீண்டநாள் இருக்க வேண்டும் என்றே விரும்புகிறேன்.

மு. அருணகிரி

*

ஸ்ரீபெரும்புதூர்,
20.12.2025

அன்புள்ள மாமாவுக்கு, விமல்ராஜ் எழுதுவது.

அத்தை நலமா? வினோதினியின் கையில் இருக்கும் போனுக்கு அடித்தால் நீங்கள்தான் எடுக்கிறீர்கள். அதனால் எழுதுகிறேன்.

எங்கள் அப்பா மேல் உங்களுக்கு இருக்கும் கோபம் சரிதான். நான் வாதாட வரவில்லை. ஆனால் நான் ஆதிரைக்கு அப்பா. போன ஞாயிறு ஷிப்ட் முடித்து நேராக வந்தேன். வார்டு வாசலில் உங்களைப் பார்த்ததும், சின்ன வயதில் கணக்கு தப்பாகப் போட்டால் நிற்பேனே, அப்படி நின்றுவிட்டேன். "உன் அப்பா பதில் எழுதட்டும், அப்புறம் நீ உள்ள வா" என்றீர்கள். மாமா, அவர் எழுதும்வரை என் பெண் காத்திருப்பாளா? அவளுக்கு என் முகம் மறந்துவிடாதா?

வாங்கிவந்த கிலுகிலுப்பையைச் செவிலியர் அம்மாவிடம் கொடுத்தேன். தொற்று வரும், வேண்டாம் என்று அவரும் திருப்பிக் கொடுத்துவிட்டார். பையிலேயே இருக்கிறது. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அது சத்தம் போட்டுக்கொண்டே வந்தது.

ஒரு ஐந்து நிமிடம் போதும்.

உங்கள்
விமல்ராஜ்

*

வேங்கிக்கால்,
24.12.2025

விமல்ராஜுக்கு,

அத்தை நலம்.

வாரக் கடைசியில் வீட்டுக்கு வந்து போனவன் நீ. ஆகஸ்டு கடைசியிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் குழந்தையைத் தூக்கினாய். ஒவ்வொரு ஞாயிறும் உன் மனைவி உன்னிடம் என்ன சொன்னாள், நீ என்ன பதில் சொன்னாய் என்பதை அவள் எனக்குச் சொல்லியிருக்கிறாள். "அப்பா பேச்ச எப்பிடி மீறறது?" இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டே ஒரு குழந்தையை எலும்பாக்கியிருக்கிறீர்கள், தகப்பனும் மகனுமாக.

இப்போது உனக்கு ஒரு வாய்ப்புத் தருகிறேன். அப்பா பேச்சை மீறிக் காட்டு. அவரைக் கையைப் பிடித்து மண்டபத்துக்கு அழைத்து வா. அதன் பிறகு ஐந்து நிமிடம் என்ன, அவள் உனக்கே உரியவள்.

அருணகிரி

*

கீழ்பென்னாத்தூர்,
19.1.2026

மச்சானுக்கு,

யார் நல்லா இருக்கா, யார் இல்லன்னு இந்தக் கடுதாசியில கேக்கல. பொங்கல் போச்சி.

மாட்டுப் பொங்கலன்னிக்கி எப்பவும் போல ஜோடி மாட்டக் குளுப்பாட்டி, கொம்புக்குப் பெயிண்ட் அடிச்சி, சலங்க கட்டி ஓட்டிம்போனேன். முன்னாடி மேளம். பஸ் ஸ்டாண்டு திரும்பறப்ப மேளம் நின்னுபோச்சி. நான் அதட்டனேன், "ஏன்டா நிறுத்திட்டீங்க?" அடிக்கறவன் மேலயே பாத்துகினு இருக்கான்.

நம்ம பேனர் இருந்த எடத்துலயே உன் பேனர். "காதணி விழாவிற்கு வந்து வாழ்த்தியவர்களின் கனிவான கவனத்திற்கு"ன்னு போட்டுருந்துது. இந்தப் பக்கம் மொட்டத் தலையோட, கம்மலோட, கன்னம் உப்பி ஆதிர. அந்தப் பக்கம் கட்டில்ல அம்மணமா, எலும்பா ஆதிர. நடுவுல தேதி. கீழ "இரண்டிலும் ஒரே குழந்தை. உப்பியிருந்தது நீர், அழுத்தினால் குழி விழும். விழா நடத்தியவர்: கி. அப்பாதுரை, மாட்டுத் தரகர்"னு என் பேரு. பத்திரிகையில போடற அதே எழுத்து.

முருகையன் டீக்கடையில அத்தன பேரு. பேனரயும் என்னியும் மாத்தி மாத்திப் பாத்தாங்க. அப்புறம் ஒருத்தன் கேட்டான், "இன்னா தரகரே, கன்னுக்குட்டி தேறிச்சா?" சிரிச்சாங்க மச்சான். என் மாடு மெரண்டு போச்சி அந்தச் சிரிப்புல.

அத்தோட வுட்டா பரவால்ல. சாயந்தரம் கீழத்தெரு மணிவேல் பேரன தூக்கினு ஊட்டுக்கு வந்தான். "உன் பேச்சக் கேட்டு நாங்களும் பால நிறுத்திட்டோம் தரகரே, இந்தப் புள்ளைக்கும் மூஞ்சி உப்பியிருக்கு, தேறிட்டான்னு இருந்தோம்"னு சொல்லிகினே காலப் புடிச்சி என் முன்னால அழுத்தனான். குழி வுழுந்துது. எழும்பவே இல்ல. நான் பாத்துகினே நின்னேன். அன்னிக்கே ஆட்டோ வச்சி நான்தான் அவங்கள ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வச்சேன். அந்தப் புள்ள பொழச்சிக்கும்ன்றாங்க.

இன்னும் யாரு யாரு ஊட்ல நான் இப்பிடிச் சொன்னேன்னு யோசிச்சிகினு படுத்துருக்கேன்.

நீ கேட்டது சரி. நான் மண்டபத்துக்கு வரேன். எத்தன பேர வேணா கூப்புடு. என் வாயால சொல்றேன். பேனர மட்டும் எடுத்துடு. எனக்காவ இல்ல. பொம்பளப் புள்ள, துணியில்லாம நிக்குது பஸ் ஸ்டாண்டுல. என்னிய அடிக்கறதுன்னா என்னிய அடி.

அப்பாதுரை

*

வேங்கிக்கால்,
27.1.2026

திரு. அப்பாதுரை அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. மண்டபத்துக்கு வரச் சம்மதிக்கிறீர்கள். கெடு டிசம்பர் 31. காலம் கடந்த சம்மதத்தை நான் ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை.

மணிவேலின் பேரன் பிழைத்தான் என்றால் அவன் தங்களால் பிழைக்கவில்லை, அந்தப் பேனரால் பிழைத்தான். அதனால் அது தை முடியும்வரை அதே இடத்தில் இருக்கும். சிரித்தவர்களைப் பற்றி வருந்தியிருக்கிறீர்கள். அவர்கள் சிரிக்க வேண்டும் என்பதற்காகத்தான் மாட்டுப் பொங்கலைத் தேர்ந்தெடுத்தேன்.

வினோதினியும் ஆதிரையும் நலம்.

மு. அருணகிரி

*

கீழ்பென்னாத்தூர்,
11.2.2026

அருணகிரிக்கு,

பேனர பேரூராட்சி ஆளுங்க வந்து எடுத்துட்டாங்க. நான் சொல்லல.

ரெண்டு பேரும் நலம்னு எழுதியிருந்த. நேத்து சந்தையில உன் பக்கத்து ஊட்டு கவுஸ் பாஷா பாயப் பாத்தேன். "மாட்டுப் பொங்கலுக்கு மறுநாளே உங்க மருமக கொழந்தையத் தூக்கினு ஆட்டோ ஏறிட்டாங்களே, புரொபசர் வாசல் கேட் பக்கத்துல நின்னு கூப்புட்டுகினே இருந்தாரு"ன்னாரு.

பத்து நாள் கழிச்சி எனக்கு எழுதற, நலம்னு. எங்க நலம்? யாரு சொன்னா உனக்கு?

அப்பாதுரை

*

ஸ்ரீபெரும்புதூர்,
15.3.2026

அன்புள்ள அப்பாவுக்கும் மாமாவுக்கும், வினோதினி எழுதுவது.

இருவருக்கும் ஒரே கடிதத்தை இரண்டு பிரதி எடுத்து அனுப்புகிறேன். அம்மா தைலம் தேய்த்துக்கொள்கிறாளா, அப்பா? மாமா, மூச்சிரைப்பு எப்படி இருக்கிறது?

நாங்கள் மூவரும் இங்கே விமல் கம்பெனிக்குப் பக்கத்தில் ஒற்றை அறையில் இருக்கிறோம். ஆதிரைக்குப் போக்கு முழுவதும் நின்றுவிட்டது. மீண்டும் தாய்ப்பால் குடிக்கிறாள். வற்றிவிட்டது என்று நினைத்தேன், வார்டில் செவிலியர் அக்கா விடாமல் மார்பில் வைக்கச் சொல்லி வரவழைத்தார். நேற்று வேகவைத்த முட்டையை என் கையிலிருந்து பிடுங்கித் தின்றாள். சுவரைப் பிடித்து நிற்கிறாள். கீழே விழுந்தால் தெருவுக்கே கேட்கும்படி அழுகிறாள். அந்தச் சத்தத்துக்காக வீட்டுக்காரம்மா குறை சொல்கிறார். எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

அப்பா, பேனரை எனக்கு உறவுக்காரப் பெண் ஒருத்தி போனில் அனுப்பினாள். அந்த இரண்டாவது படத்தை நீங்கள் எடுத்த காலையில் நான் பக்கத்தில்தான் இருந்தேன். வீக்கம் வடிந்துவிட்டது, இனிப் பிழைத்துக்கொள்வாள் என்று மருத்துவர் சொன்ன நாள் அது. என் வாழ்க்கையிலேயே நல்ல நாள். நான் அழுதுகொண்டே சிரித்தேன். நீங்கள் போனை எடுத்தீர்கள். நினைவுக்கு எடுக்கிறீர்கள் என்று நான்தான் போர்வையை விலக்கினேன்.

அதையும் விடுங்கள். டிசம்பரிலிருந்து நீங்கள் மாமாவுக்கு எழுதிய கடிதங்களின் நகல்களை வரிசையாக அடுக்கி வைத்திருந்தீர்கள். எல்லாவற்றையும் படித்தேன். ஒரே ஒரு விஷயம் எதிலும் இல்லை. மாமாவுக்கு அது தெரியாது. அவர் அப்போது அடுத்த பந்தியில் இருந்தார்.

இரண்டாம் பந்தி. நீங்கள் இலை முன்னால் உட்கார்ந்திருந்தீர்கள். நான் ஆதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து உங்கள் காதருகே குனிந்து சொன்னேன்: "அப்பா, கொலுசு கழட்டனேன், தடம் அப்பிடியே நிக்குது. அழுத்தனா குழி வுழுது. இது நல்லதா தெரியல. நாளைக்கி மாமாவுக்குத் தெரியாம டாக்டர்கிட்ட கூட்டிம்போறீங்களா?" காலைக் காட்டினேன். நீங்கள் பார்த்தீர்கள். பார்த்துவிட்டு, "விசேஷ ஊட்ல இந்தப் பேச்சு எடுக்காத. ஒறமொற எல்லாம் உக்காந்திருக்கு. மாமா மனசு நோவும். அப்புறம் பாத்துக்கலாம்" என்றீர்கள். பாயசம் வந்தது. ஊற்றிக்கொண்டீர்கள். அந்த அப்புறம் இரண்டு வாரம் வரவில்லை. நானே பால் வண்டியை நிறுத்த வேண்டியதாயிற்று.

மாமா, உங்களை நான் விட்டுவிடவில்லை. பசித்து என் ரவிக்கையைப் பிடித்து இழுத்தவளின் கையை விலக்க வைத்தீர்கள். விமலிடம் இதைத் தினமும் சொல்கிறேன். அவர் தினமும் கேட்டுக்கொள்கிறார். நானும் என்னை விடவில்லை. விலக்கியது என் கைதான்.

இருவருக்கும் சேர்த்து நான் கேட்பது இது. அன்றைக்கு மண்டபத்திலும் அதற்கு முன்னால் வீட்டிலும் நீங்கள் செய்ததை, சொன்னதை, அவரவர் கையால் எழுதுங்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் படியுங்கள். படித்ததற்கு அடையாளமாக அதன்கீழ் கையெழுத்துப் போடுங்கள். இரண்டையும் ஒரே உறையில் வைத்து அனுப்புங்கள். தனித்தனியாக வந்தால் பிரிக்காமல் திருப்பிவிடுவேன். என் பங்கை நான் எழுதி வைத்துவிட்டேன். ஆதிரை பெரியவளானதும் மூன்றையும் படிக்கட்டும். தன்னைப் பட்டினி போட்டது யார், பார்த்துக்கொண்டு பாயசம் குடித்தது யார் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். அதன் பிறகு யார் மடியில் உட்காருவது என்பதை அவள் தீர்மானிப்பாள்.

விமலுக்குப் புனேவுக்கு மாற்றல் வந்திருக்கிறது. ஏப்ரல் 15 அன்று கிளம்புகிறோம். அதற்குள் உறை வந்தால் போகும் முன் திருவண்ணாமலைக்கு வந்து ஆதிரையைக் காட்டிவிட்டுப் போவோம். வராவிட்டால் புதிய முகவரியை இருவருக்கும் தரமாட்டோம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வினோதினி

*

வேங்கிக்கால்,
2.4.2026

திரு. அப்பாதுரை அவர்களுக்கு,

வினோதினியின் கடிதம் தங்களுக்கும் வந்திருக்கும். பதினைந்து நாட்களாகத் தாங்கள் ஏதும் எழுதவில்லை. நானும் எழுதவில்லை. இனியும் ஒருவருக்காக ஒருவர் காத்திருக்க அவள் காலம் கொடுக்கவில்லை.

என் பகுதியை எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். உறையை ஒட்டவில்லை. தாங்கள் அதைப் படிக்க வேண்டும் என்பது அவள் நிபந்தனை, என் விருப்பம் அல்ல. படித்துவிட்டுச் சிரிக்கலாம். முருகையன் டீக்கடையில் உரக்க வாசித்தும் காட்டலாம். மாட்டுப் பொங்கலன்று தங்களுக்கு நான் செய்ததற்குப் பிறகு அதைத் தடுக்கும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் அதன்கீழ் கையெழுத்துப் போடுங்கள். தெளிவாக, முழுப் பெயரும்.

இதனால் தங்களை மன்னித்துவிட்டேன் என்று கொள்ள வேண்டாம். ஆகஸ்டு இருபத்தெட்டு அப்படியே இருக்கிறது. செப்டம்பர் ஏழும் அக்டோபர் இரண்டும் அப்படியே இருக்கின்றன. நான் இறக்கும்வரை அவை இருக்கும். முதல் கடிதத்தில் ஐந்தாம் எண்ணில் எழுதியதற்கு மட்டும் இப்போது இரண்டு பேர் பொறுப்பு. திருத்தம் என் பகுதியில் உள்ளது.

என்னிடம் சமாதானம் பேச வர வேண்டாம். ஆறுதலும் வேண்டாம். நான் எழுதியதைப் பற்றி எனக்கு ஒரு சொல்லும் சொல்ல வேண்டாம். எழுதத் தயங்கினால், தங்களுக்கு வழக்கமான முறையில், பேசுவது போலவே எழுதுங்கள். அவளுக்கு அது போதும். எதையும் விடாதீர்கள். எதை விட்டோம் என்பதை அவள் கண்டுபிடித்துவிடுவாள்.

இரண்டு நாட்களாக என் மனைவி அன்புச்செல்வி குழந்தைக்குச் சட்டை தைத்துக்கொண்டிருக்கிறாள். அளவு தெரியாமல் தைக்கிறாள். எங்களில் யாருக்கும் இப்போது அவள் அளவு தெரியாது.

தங்கள் பகுதியும், என் பகுதியின்கீழ்த் தங்கள் கையெழுத்தும், 10.4.2026 வெள்ளிக்கிழமை மாலைக்குள் எழுத்தில் என் கைக்கு வந்து சேர வேண்டும். நானும் தங்களுடையதைப் படித்துக் கையெழுத்திட்டு, அவள் சொன்ன நாளுக்குள் ஒரே உறையில் அனுப்ப வேண்டும். அதற்கு ஒரு நாள் பிந்தினாலும் நம் இருவருக்கும் பேத்தி இல்லை.

மு. அருணகிரி